வெள்ளிக்கிழமையும் நிற்கக்கூடாத தறி

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து, மருதமுனையில் ஒரு நெசவுச்சாலையைக் கடந்தபோது வளவுக்குள் அலறல் கேட்டது.

காசிம், ஊருக்கே அக்காவான சுபைதா ராத்தாவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தான். வளர்ந்த ஆள், பேச்சு வராது, புத்தி பிள்ளைப் பருவத்திலேயே நின்றுவிட்டது. இப்படியானவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் குமர்ப்பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே ராத்தாவின் வேலை. இரண்டு கைகளிலும் பழைய பல் தழும்புகள்.

காசிமோடு கூடப்பிறந்த காக்காதான் தறி முதலாளி. விறகுக் கட்டையால் தம்பியின் முதுகில் ஓங்கி அடித்தார். அடுத்த அடிக்கு ராத்தா குறுக்கே விழுந்தார். கட்டை அவர் நெற்றியைப் பிளந்தது.

"விலகுங்க ராத்தா! இண்டைக்கே இவனுக்குச் சங்கிலி போடுறன்."

"தறிச் சத்தம் நிண்டா இவன் பயப்படுவான் எண்டு எத்தின தரம் சொல்லியிருக்கன்? ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போனா நான்தானே ஒரு தறிய ஓட்டுற. இண்டைக்கு ஏன் சாலையப் பூட்டிட்டுப் போன நீங்க?"

"நூல் களவு போகுது."

"அப்ப நூலப் பூட்டுங்க!"

ராத்தா சாவியைப் பிடுங்கி, கதவைத் திறந்து, இரத்தம் வழிய தறியில் உட்கார்ந்தார். சத்தம் எழும்பியதும் காசிமின் முறுக்கிய கைகள் தளர்ந்தன. வாயில் ராத்தாவின் இரத்தத்தோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான்.

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். "நெய்யிற சாரத்துணியில இரத்தம் படுது ராத்தா."

அடுத்த வெள்ளிக்குள் ராத்தாவின் கை ஆறாது. தறி நின்றால் காசிமுக்குச் சங்கிலி. நெய்யத் தெரிந்த பெண்கள் இருந்தால் சொல்லுங்கள். சாவியை நான் கேட்டு வாங்குகிறேன், கட்டையை ஒளித்துவிட்டு.