கேட்ரிட்ஜில் பூத்த பச்சை

போன வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது ஆம்பூரிலிருந்து போன். நசீர் பாய் போய்விட்டார் என்றார் அவர் மருமகன். டப்பாவை அப்படியே மூடி வைத்தேன். வேலூரில் எங்கள் சிறிய அருங்காட்சியகத்தில் எட்டு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த வெள்ளைத் துணியும் தெரிந்திருக்கும். தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். சாயமேற்றிய தோலை வெள்ளைத் துணியால் தேய்த்து, கலர் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். மனுஷன் அந்தப் பழக்கத்தை அருங்காட்சியகத்துக்கும் கொண்டுவந்தார். எது வந்தாலும் முதலில் ஒரு தேய். என் புதுச் சட்டையைக்கூட விட்டதில்லை.

ஒரு நாள் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் தேவகி என்ற அம்மாள் பழைய வீடியோ கேம் கேட்ரிட்ஜ் ஒன்றைக் கொடுக்க வந்தார். உள்ளங்கை அளவு கறுப்புப் பிளாஸ்டிக். மேலே வெளுத்துப்போன விண்கலம், நட்சத்திரங்கள். மெஷினில் செருகும் வாய்க்குள் பல்வரிசை போல் செம்புத் தகடுகள். அவற்றில் களிம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. தேவகி கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் பாய் பாதியைத் தேய்த்துவிட்டார்.

"பாருங்க சார், கலர் உடுது," என்று துணியைக் காட்டிச் சிரித்தார்.

தேவகி சிரிக்கவில்லை. "கேம் ஓடலன்னா எம்புள்ள அதுல வாய வெச்சு ஊதுவான்யா. ஊதி ஊதித்தான் அப்பிடி ஆச்சு. காய்ச்சல்ல போய்ட்டான். அவன் மூச்சு அதுல மட்டுந்தான் இருக்குது. பத்திரமா இருக்கட்டும்னுதான் கொண்ணாந்தேன்."

பாய்க்கு முகம் வெளிறிவிட்டது. "தப்பு பண்ட்டேன்மா. மிச்சத்த யாரையும் தொட உடமாட்டேன்," என்றார். துணியை உறையில் போட்டு, அதற்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவு செய்தார். அதன்பின் அவர் எதையும் தேய்த்து நான் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து, கேட்ரிட்ஜை வைத்துப் பூட்டிய கண்ணாடிப் பெட்டியருகே பாய் என்னைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தேச்ச எடத்துல திரும்ப வருது சார்."

"இன்னா வருது?"

"பச்சை."

காற்றில் ஈரம் ஜாஸ்தி என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நெருங்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டார். "அந்த ஈரம் என் மூச்சா, அந்தப் புள்ள மூச்சான்னு தெரியணும் சார்," என்றார். நான் கேலி செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூச்சடக்கும் பழக்கம்தான்.

அவர் போன பிறகு வந்த திங்கட்கிழமை காலை, நல்ல வெயில். அந்தப் பெட்டி முன் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பூட்டிய பெட்டியின் கண்ணாடியில், உட்பக்கம், கேட்ரிட்ஜின் வாய்க்கு நேரே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஆவி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

பயந்துதான் போனேன். சாவி கையில்தான் இருந்தது. திறந்து துடைக்கவில்லை, பாய்.