தாரிணி மாட்டிக்கொடுத்த பூட்டு

ஸ்டெல்லாவுக்கு இருபத்தெட்டு வயதில் தசைகள் தளரத் தொடங்கின. முதலில் மாடிப்படி போயிற்று, பிறகு நடை. முப்பத்தாறில் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் வந்து, ஊருக்கே வந்துவிடு என்று கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு. கணினியும் குரலும் இருந்தால் போதும். ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், ராமச்சந்திராபுரத்தில், இரண்டாம் மாடியில் ஒரு வீடு எடுத்துத் தனியாகவே இருந்தாள். காலையும் மாலையும் எல்லம்மா வந்து அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றிவிடுவாள்.

மற்றதையெல்லாம் வீடே செய்தாக வேண்டும். விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, முக்கியமாக வாசல் கதவு. அதற்கு எந்த ஏற்பாட்டைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது, கூட வேலை பார்க்கும் இர்பான் ஒரு யோசனை சொன்னான். வேலூர்க்காரன், படித்ததெல்லாம் ஹைதராபாத்.

"கம்பெனி சாமான் நக்கோக்கா, வேணாம். அவங்க சர்வர் நின்னா உங்க வீடும் நின்னுடும். நான் சொல்றது யாரு வேணும்னாலும் எடுத்துக்கக்கூடிய சாஃப்ட்வேர். சின்ன டப்பா ஒண்ணு வீட்டுக்குள்ளயே இருக்கும், இன்டர்நெட் போனாலும் ஓடும். ஆரம்பத்துல கொஞ்சம் படுத்தும், பழகிட்டா சரியாயிடும்."

அதே வாரம் தாரிணி வந்தாள். பாளையங்கோட்டை கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள். இருபத்தெட்டு வயதில் ஸ்டெல்லா முதல்முறை கால் மடங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவளும் அவள்தான். இப்போது ஹைதராபாத்திலேயே, வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஒரு புதிய கம்பெனியில் விற்பனைக்குத் தலைவி.

"அந்தப் பையன் வேலைய விட்டுட்டுப் போயிட்டா யாரட்டி கூப்பிடுவ? எங்க சாமான்ல ஒண்ணுன்னா நான் இருக்கேம்லா" என்றாள்.

ஸ்டெல்லா அதற்கு மேல் யோசிக்கவில்லை. வேலையில் எதையும் மூன்று தரம் சோதித்துப் பார்க்கும் அவள், இதை ஒரு தரம்கூடச் சோதிக்கவில்லை. தாரிணியே ஆட்களோடு வந்து எல்லாவற்றையும் மாட்டினாள். கணக்கைக்கூடத் தன் அலுவலக மெயிலில் பதிந்தாள். "மாதிரி வீடுன்னு போட்டுக்கிடுதேன், அப்பதான் உடனே ஆள் வருவான்" என்றாள். பிறகு ஒரு வீடியோ எடுத்தார்கள். ஸ்டெல்லா படுத்தபடியே "கதவைத் திற" என்கிறாள், கதவு திறக்கிறது, அவள் சிரிக்கிறாள். நிஜச் சிரிப்புதான். இரண்டு வருஷம் அந்த வீடு அவள் சொன்னபடி கேட்டது.

மார்ச் மாதத்தின் கடைசி நாள் காலை, எல்லம்மா வழக்கம்போல மணி அடித்தாள். ஸ்டெல்லா கதவைத் திறக்கச் சொன்னாள். இந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஓர் இனிய குரல் ஆங்கிலத்தில் பதில் சொன்னது. மறுபடி சொன்னாள். அதே பதில். போன் செயலியும் திறக்கவில்லை. மாற்றுச் சாவி தாரிணியிடம். ஏழு முறை கூப்பிட்டாள், தாரிணி எடுக்கவில்லை.

அரை மணி கழிந்தது. அவளால் அடக்க முடியவில்லை. முக்கால் மணி கழித்துக் காவலாளி ஒரு தச்சரைக் கூட்டி வந்து பூட்டை உடைத்தார். எல்லம்மாவுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேரும் பதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். நனைந்த படுக்கையில் கிடந்த ஸ்டெல்லா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லம்மா தெலுங்கில் எல்லோரையும் திட்டி வெளியே தள்ளினாள்.

மதியம் இர்பான் ஓடி வந்தான். கழற்றிப் பார்த்துவிட்டு, பாதி சுவிட்சுகளைத் தேற்றிவிடலாம், பூட்டு மட்டும் புதிதாக வேண்டும் என்றான். திருகிக்கொண்டே, "கம்பெனியை வேற யாரோ வாங்கிட்டாங்க, பழைய சாமானுக்கெல்லாம் மூடுவிழா. தாரிணி அக்கா வீட்டுலகூட ஜனவரியிலேயே நான்தான் மாத்திக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்லிருப்பாங்க, நீங்க வேற ஏதோ ஏற்பாடு பண்ணிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

ஸ்டெல்லா அவனையே பார்த்தாள். "ஜனவரியிலயா?"

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "சொல்லலையாக்கா?"

தாரிணி சாயங்காலம் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இன்னைக்கின்னு நெனைக்கலட்டி. அடுத்த வாரம்தான் நிறுத்துவாங்கன்னு இருந்தேன்."

"எனக்கு ஏன் ஒரு மெயில்கூட வரல?"

"உன் கணக்கு என் மெயில்லலா இருக்கு." குரல் இறங்கியது. "மூணு தரம் வந்துது."

"படிச்சியா?"

"படிச்சேன். கம்பெனி விக்கிறது முடியுற வரைக்கும் வேலையில இருக்கிறவங்க வெளிய எதுவும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. வாங்க வந்தவங்களுக்கு உன் வீடியோவத்தான் காட்டுனோம். நீ கழட்டிப் போட்டுட்டன்னா அவங்க கேப்பாங்க."

"உன் வீட்டுல கழட்டுனத யாரும் கேக்கலையா?"

தாரிணி மேசைமேல் வைத்த சாவியைச் சற்று நகர்த்தி வைத்தாள்.

"என் நெனப்பு வரலையாட்டி உனக்கு?"

"தினமும் வந்துது" என்றாள் தாரிணி. அது பொய்யில்லை என்று ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது. மறந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். தினமும் நினைத்து, தினமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். காலையில் அத்தனை பேர் முன்னால் வராத அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணைத் துடைக்கக் கை எழவில்லை. தாரிணி கையை நீட்டினாள். "வேண்டாம். எல்லம்மாவக் கூப்பிடு" என்றாள் ஸ்டெல்லா.

இர்பான் போட்ட ஏற்பாடு முதல் வாரம் நன்றாகவே படுத்தியது. ஒரு முறை எல்லா விளக்குகளும் தாமாகவே சேர்ந்து எரிந்தன. ஸ்டெல்லா உட்கார்ந்து ஒவ்வொரு பிழையாகப் பிடித்தாள்; இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுக் கதவைப் பத்து முறை திறந்து மூடிப் பார்த்தாள். இப்போது அந்த வீட்டின் கணக்கு அவள் பெயரில் இருக்கிறது. தன் வீடியோவை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள், பதில் வரவில்லை. மறுபடி மறுபடி எழுதினாள். நான்காவது கடிதத்துக்குப் பிறகு நீக்கினார்கள்.

தாரிணி இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். ஸ்டெல்லா எடுக்கிறாள். வெயிலைப் பற்றியும் அண்ணன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசுகிறார்கள். போன மாதம் ஸ்டெல்லாவின் இடது கை விரல்களும் மடங்க மறுத்தன. அதை அவள் இர்பானிடம் சொன்னாள், எல்லம்மாவிடம் சொன்னாள். தாரிணி, "உடம்பு எப்படியிருக்குட்டி?" என்று கேட்டபோது, நல்லா இருக்கு என்றாள்.