பெரட்டில் சொன்ன வியாதி

மாகாண ஓட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் மருத்துவச் சோதனை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எனக்குப் பயமே இல்லை. ரப்பர் மலையில் ஏறி இறங்கியே ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்குத் தயாரானவள் நான். டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஏதோ ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்கிறதாம். கேகாலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இருதய ஸ்கேன் எடுத்து வந்தால்தான் கையெழுத்து வைப்பாராம்.

கூட அம்மா வர வேண்டும். தோட்டத்தில் லீவு கேட்பதென்றால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் நின்று காரணம் சொல்ல வேண்டும். மகளைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னாலே போதும். ஆனால் லீவு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, “மகளுக்கு நெஞ்சு வருத்தமுங்க ஐயா, பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுத்திருக்காங்க” என்று அம்மா அழுதே விட்டார். லீவு கிடைத்தது. நாங்கள் பஸ் ஏறுவதற்குள், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயம் முழுக்க என்னை நோயாளியாக்கிவிட்டது.

ஸ்கேன் எடுத்த டாக்டர் சிரித்தார். “முக்குத் நே அம்மே. துவன்ட புளுவன்.” ஒன்றும் இல்லை, ஓடலாம். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். திரும்பும் வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் வந்தார்.

லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டார். “நீ தூக்காத புள்ள.” அம்மா விஷயத்தைச் சொன்னார். “அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வெளையாடிக்கிட்டிருந்த புள்ளைங்க கிரவுண்டுலயே விழுந்து செத்தத போன்ல பாக்கலியா?” என்றார் அக்கா. அம்மாவின் முகம் மாறியது. நாளைக்கு ஏதாவது ஆனால், தெரிந்தே ஓடவிட்டவள் என்று இதே வாய்கள்தான் பேசும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாதி இருந்திருந்தால் மாத்திரையாவது தந்திருப்பார்கள். இல்லாத வியாதிக்கு எங்கே போய் மருந்து வாங்குவது?

போட்டிக்கு முந்தின நாள், ஓடிக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தேன். லயத்திலிருந்து மேட்டில் இருக்கிற ரப்பர் ஸ்டோர் வரை ஏறி, நிற்காமல் திரும்பி ஓடி வந்தேன். “பாரும்மா, எனக்கு ஒன்னுமே ஆகல” என்றேன்.

அம்மா என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். மலை ஏறி இறங்கிய எந்த நெஞ்சும் அடிப்பதுபோலத்தான் அதுவும் அடித்தது.

“ஐயோ, எப்படி அடிக்குதுன்னு வந்து பாருங்களேன்!”

அக்காவும் வந்து தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலி கொண்டுவந்து என்னை உட்கார வைத்தார்கள். அம்மா விளையாட்டு சாருக்குப் போன் போட்டு, மகள் வரமாட்டாள் என்றார்.