பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கோட்டை

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கத்தக்க இடங்கள் எவை என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எரிமலை வெடித்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டான வட்ட ஏரி ஒன்று. நடுக்கோடையிலும் பல் கிட்டுகிற மாதிரிக் குளிரும் குகை ஒன்று. பாசி பிடித்த பாறையில் மெல்லிசாக வழியும் ஒரு நீர்வீழ்ச்சி; அதை வீழ்ச்சி என்று சொன்னது அப்பாவின் பெருந்தன்மை. பழங்காலத்தில் வயல் செய்த கமக்காரரின் வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்த ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். பிறகு ஒரு மாதா கோயில். நாங்கள் சைவக்காரர், ஆனாலும் அம்மா அங்கே மெழுகுதிரி கொளுத்தாமல் திரும்பமாட்டா. ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள், ரயில் வராத, பஸ்ஸும் பின்னேரத்தோடு நின்றுவிடுகிற ஒரு சின்ன ஊரில், இவற்றைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நான் ஒன்பது வயதுவரை வளர்ந்தேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் ஆசிரியை எங்களை வட்டமாக இருத்தி, யார் யார் எங்கே போனீர்கள் என்று கேட்பா. ஒருத்தி இத்தாலிக்குப் போயிருப்பாள், ஒருவன் வடகடலில் மணல்வீடு கட்டியிருப்பான். நான் குகைக்குப் போனேன் என்பேன். அடுத்த வருடமும் குகை. அதற்கடுத்த வருடம் நான் வாயைத் திறக்கமுதலே வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையை ஒரு நல்லது கெட்டதுக்கும் ஊரைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகாத அப்பாமேல்தான் வந்தது.

அப்பா ஊர் பேக்கரியில் துப்புரவு வேலை செய்தார். ஆனால் சொந்தக்காரர் யாராவது வந்தால் அவருடைய நடையே மாறிவிடும். டுசல்டோர்ஃபிலிருந்து இடியப்பப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களை இளைப்பாறவும் விடாமல் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார். "இஞ்சை பாருங்கோ, இது ஒருக்கால் நெருப்புக் கக்கின இடம்" என்று அவர் தொடங்குகிற விதத்தில், எரிமலையை அவர்தான் அணைத்தார் என்று தோன்றும். ஊரையே எழுதி வாங்கினவர் மாதிரி இருக்கிறீர்கள் என்று வந்தவர்கள் பகிடி விடுவார்கள். அப்பா சிரிப்பார்.

கடைசி இடம் எப்போதும் பாலம்தான். காட்டுக்குள் ஒரு ஓடை, அதன்மேல் ஒரு மரப்பாலம், அந்தப் பக்கம் மேட்டிலே ஒரு கோட்டை. அப்பா பாலத்துக்கு இந்தப் பக்கம், நடந்து களைத்தவர்கள் இருக்கிற மரவாங்கடியில் நின்று, விரலை நீட்டி, கோட்டையின் கதையைச் சொல்லுவார். சொல்லி முடிந்ததும், ஏற்றம் கூட, முழங்கால் தாங்காது, தேத்தண்ணி குடிப்பம் என்று போத்தலைத் திறப்பார். வந்தவர்களும் களைத்துப்போய் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சரி என்பார்கள். என் வகுப்பில் அந்தக் கோட்டைக்குள் போகாத ஒரே பிள்ளை நான். கடல் வேண்டாம், இத்தாலி வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக்கூடக் காட்டாமல் தேத்தண்ணியோடு திருப்பிக் கூட்டிவருவது என்ன நியாயம்?

எனக்கு ஒன்பது வயதான வருடம் சித்தப்பா தனியாக வந்தார். வரும்போதே முகம் சரியில்லை. அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி. டுசல்டோர்ஃபில் பெண்ணெடுத்து, கலியாண விசாவில் நேராக வந்தவர். அவருடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு நடந்து முடிந்திருந்தது. மண்டபம் எடுத்து, மணவறை கட்டி, ஊரைக் கூட்டிச் செய்த சடங்குக்கு அப்பா போகவில்லை. நாங்களும் போகவில்லை. புதுச்சட்டை தைத்து வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையில் கீழ்வீட்டுக் கிழவி வந்து கதவைத் தட்டினாள். வேலையில் லீவு தரவில்லை என்று அப்பா சொன்னார். சடங்கு நடந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரி பூட்டு என்பது எனக்கே தெரியும்.

சித்தப்பா வந்ததும் வராததுமாகச் சடங்குப் பட அல்பத்தை மேசையில் வைத்துப் பிரித்தார்.

"அண்ணை, நீங்கள் நிக்கவேண்டிய இடத்திலை ஆர் நிக்கினம் எண்டு பாருங்கோ."

அப்பா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பிள்ளை நல்ல வடிவு என்றார். அம்மா குசினிக்குள் போய்விட்டா. பிறகு அப்பா, வழக்கம்போல, வெளியே போய்வருவோமா என்று கேட்டார். நாலு பேரும் வெளிக்கிட்டோம்.

ஏரி, குகை, நீர்வீழ்ச்சி எல்லாவற்றையும் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பாலத்தடிக்கு வந்ததும் அப்பா விரலை நீட்டினார். சித்தப்பா இடைமறித்தார்.

"கதை இருக்கட்டும். வாங்கோ, போய்ப் பாப்பம்."

"ஏத்தம் கூட. முழங்கால்..."

"இப்ப குகைக்கு எனக்கு முன்னாலை ஏறினது ஆரின்ரை முழங்கால்?"

அப்பா போத்தலைத் திறந்தார். சித்தப்பா அதைப் பறித்து வாங்கில் வைத்தார். "என்ரை மகளின்ரை சடங்குக்கும் வர ஏலாது. இந்தப் பாலத்தையும் தாண்ட ஏலாது. என்னோடை சேந்து நடக்கிறதுதான் உங்களுக்குக் குறைச்சல் போலை. அப்பிடியெண்டால் சொல்லுங்கோ, நான் இனி வரேல்லை."

அப்பா ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் எனக்கு முழு நியாயமும் சித்தப்பாவின் பக்கம் இருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். "பிள்ளை, நில்லு" என்று அப்பா கையை நீட்டினார். அதற்குள் நான் பாலத்தின் நடுவில் நின்றேன். அவர் வந்து என்னைத் தூக்கியிருக்கலாம், நாலு எட்டுத்தான். வரவில்லை. "கெதியா வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

கோட்டையில் ஒரு கிணறு இருந்தது. வழிகாட்டி ஒரு சாடித் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுக் காது கொடுங்கள் என்றாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம். கோபுரத்தில் ஏறிப் பார்த்தபோது வாங்கில் அம்மா இருந்தா. அப்பா பாலத்தின் முதற்பலகையிலும் கால்வைக்காமல் நீலச் சட்டையோடு நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்து எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். பாலத்துக்குப் பயந்த ஆம்பிளை என்று எனக்கு வெட்கமாயிருந்தது.

சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே வெளிக்கிட்டார். அப்பா கார் போன பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்திருந்து, கோட்டை உள்ளே எப்படி என்று கேட்கத் தொடங்கினார். கிணறு எந்தப் பக்கம், படி கல்லா மரமா, கோபுரத்திலிருந்து எங்கள் ஊர் தெரிகிறதா? போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கும் சோதனை வைக்கிறாரே என்று வெடுவெடுவென்று பதில் சொன்னேன்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது, ஆனால் அப்பாமேல் அல்ல. அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கிறவர்கள் அனுமதியில்லாமல் தங்கள் மாவட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று அப்போது இங்கே ஒரு சட்டம் இருந்தது. எங்கள் மாவட்டத்தின் எல்லை அந்த ஓடை. வாத்து கடக்கும், மான் கடக்கும், நாயைக் கூட்டிக்கொண்டு கிழவர்கள் கடப்பார்கள். அப்பா கடந்தால் குற்றம். ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டவர். இன்னொருமுறை என்றால் வழக்கு, வழக்கென்றால் வருடக்கணக்காகக் காத்திருந்த விசா கிடைக்காமலே போய்விடும் என்ற பயம். தம்பியின் கலியாணப் பேச்சுக் குழம்பக்கூடாதென்று, தனக்கு எப்போதோ விசா கிடைத்துவிட்டதாக அவர் சொல்லியிருந்தார். சொன்ன பொய்யை மீட்க வழியில்லை. உண்மையாகவே விசா வந்து, நானும் வளர்ந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னா. சடங்குக்குப் போக அனுமதி கேட்டு அப்பா கந்தோருக்குப் போனாராம். கலியாணமா என்று அதிகாரி கேட்டானாம். இல்லை. செத்தவீடா? இல்லை. அப்படியென்றால் என்னவென்று கேட்க, தம்பியின் மகள் பெரியபிள்ளையானதை ஒரு அந்நிய ஆணுக்கு அரைகுறை ஜெர்மனில் விளங்கப்படுத்த வேண்டி வந்ததாம். அவன் சிரித்துவிட்டு இல்லையென்றானாம். அப்பா வீட்டுக்கு வந்து குளித்தாராம்.

இதெல்லாம் தெரியாத காலத்தில், அதே வருடம் இலையுதிர் தொடங்கும்போது, வேறு சொந்தக்காரர் வந்தார்கள். ஏரி, குகை, நீர்வீழ்ச்சி. பாலத்தடியில் அப்பா விரலை நீட்டினார். இந்தமுறை கதை நீண்டது.

"உள்ளுக்கை ஒரு கிணறு இருக்கு. தண்ணியை ஊத்திப்போட்டுக் காது குடுக்கோணும். கன நேரம் ஒண்டும் கேக்காது. பிறகு அடியிலையிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும், பாருங்கோ."

வந்தவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய், அவர் போனதே இல்லை, அது நான் பார்த்த கிணறு என்று கத்த வாயெடுத்தேன். அம்மா என் துடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாளைக்கு நின்றது. என்னுடைய கோட்டையை அப்பா களவெடுத்துவிட்டார் என்று வழி முழுக்க அவருடைய கையைப் பிடிக்காமல் நடந்தேன். அந்தக் கோட்டையில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.