வாப்பாவுக்குப் போடாத செய்தி

நான் வலைப்பூ தொடங்கியது கவிதை எழுதுவதற்காக. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கல்முனைக் கடலைப் பற்றி ஒன்று, மழையைப் பற்றி ஒன்று, என்னைப் பற்றிப் பல. வாசித்தவர்கள் நானும், கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பியும்தான். அவனும் உண்மையிலேயே வாசித்தானா, இல்லை திறந்து பார்த்துவிட்டு "நல்லா இரிக்கி ராத்தா" என்று அனுப்பினானா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஒருநாள் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மௌத்தானார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காற்று பாதியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாசலுக்கு வாசல் "ஆராம்? ஆராம்?" என்று கேள்வி. நான் விசாரித்து, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ஜனாஸாத் தொழுகை எந்தப் பள்ளியில், நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று என் கவிதைகளுக்கு மேலே நாலு வரி போட்டுவிட்டேன். பின்னேரம் பார்த்தால், பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் இடம் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். சவூதியிலும் குவைத்திலும் லண்டனிலும் இருந்து வந்து "எனக்குக் கணக்குப் படிப்பித்தவர்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் அழுதும் இருந்தார்கள்.

கவிதை அதோடு நின்றது. மருதமுனையிலிருந்து பாலமுனை வரை, போன் கோல் எடுத்தால் விபரம் சொல்லக்கூடிய பெண்கள் எனக்கு இருந்தார்கள். எழுதுவது ஒரு பெண் என்று வெளியில் தெரியாது. பின்னூட்டத்தில் எல்லாரும் என்னை அண்ணனாக்கி "ஜஸாக்கல்லாஹ் காக்கா" என்பார்கள். தம்பி கோல் எடுத்து "காக்கா சுகமா?" என்று பகிடி பண்ணுவான். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் விளம்பரம் போடச் சொல்லி ஆள் அனுப்பினார். மௌத்துச் செய்திக்குப் பக்கத்தில் புரியாணிப் படமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

முந்திப் போடுவதால்தான் என் பக்கம் வளர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பிந்திப் போட்டதால் வளர்ந்தது. எங்கள் ஊர்களில், பிள்ளை வெளிநாட்டில் இருக்கும்போது உம்மாவோ வாப்பாவோ மௌத்தானால் அதை நேரே சொல்லமாட்டார்கள். முதலில் "கொஞ்சம் சுகமில்ல" என்பார்கள். பிறகு "ஐசியுவில வெச்சிரிக்கி". அவனோடு பேசி ஆறுதல் சொல்ல அங்கே ஒரு கூட்டாளியைப் பிடித்த பிறகுதான் உண்மை. அதற்கிடையில் எனக்கு ஆள் வரும். "புள்ள, மகனுக்கு இன்னம் சொல்லல்ல, கொஞ்சம் பொறுங்க." நான் பொறுப்பேன். மற்றப் பக்கங்கள் போட்டியில் அள்ளிப் போட்டு ஏச்சு வாங்கியபோது, என் பக்கத்தை ஊர் நம்பியது. எனக்கு அதில் நல்ல பெருமை.

வாப்பா என் வீட்டில்தான் மௌத்தானார். எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தானே, உம்மாவும் வாப்பாவும் என்னோடுதான் இருந்தார்கள். விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முச்சக்கரவண்டி வருவதற்குள் போய்விட்டார். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது.

சாச்சா, வாப்பாவின் தம்பி, எல்லாருக்கும் முன்னால் சொன்னார். "சின்னவன் ரோட்டில லொறியோட நிப்பான். இப்ப சொன்னா என்ன நடக்குமெண்டு தெரியா. வேலை முடிஞ்சி வரட்டும், நான் சொல்றன்." பிறகு என்னைப் பார்த்தார். "உன்ட புளொக்கிலயும் போடாத."

"அவன் முகம் பார்க்க வேணாமா சாச்சா?" என்று கேட்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போனைப் பிடித்து முகம் காட்டுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"முகம் பார்க்கப் போய் அவன்ட மௌத்தையும் கேக்கணுமா?"

பக்கத்தில் நான் எதுவும் போடவில்லை. சாச்சா சொன்னதில் பிழையுமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெண்கள் வீட்டிலேயே நின்றோம். கட்டிலடியில் கிடந்த வாப்பாவின் போனை எடுத்துப் பார்த்தேன். தம்பியின் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது.

"வாப்பா, காலையில இருந்து மனசு ஒரு மாதிரி. வண்டிய நிப்பாட்டி தேத்தண்ணி குடிக்கக்குள்ள ராத்தாட பக்கத்தத் திறந்து பார்த்தன். இண்டைக்கு ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். பின்னேரம் எடுக்கிறன், என்ன?"

வந்த நேரத்தைப் பார்த்தேன். அது வாப்பாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, கடைசியாகப் பார்ப்பதற்காக முகத்தைத் திறந்து வைத்திருந்த நேரம். அவன் வண்டியை நிறுத்தித்தான் இருந்தான். நான் அந்த இடத்திலேயே இருந்து வாய்விட்டு அழுதேன். வாப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து மாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

இரவு சாச்சா அவனுக்குப் போனில் சொன்னார். தம்பி கத்தவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"ஊருல உள்ள எல்லார்ட வாப்பாவையும் போட்டீங்களே ராத்தா," என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் வாப்பாவின் செய்தியைப் போட்டேன். என் பக்கத்தில் அதைப்போல் வேறெதையும் ஆட்கள் வாசித்ததில்லை. "காக்கா, உங்கட வாப்பாவா? அல்லாஹ் பொறுமையத் தரட்டும்" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள்.

பக்கம் இன்றும் நடக்கிறது. இந்தக் கரையில் யார் மௌத்தானாலும் நான் போட்ட பிறகுதான் அது உண்மை என்கிறார்கள். பிள்ளைக்குச் சொல்லவில்லை, பொறுங்கள் என்று வருபவர்களிடம், முகத்தையாவது காட்டுங்கள் என்று கெஞ்சுவேன். சிலர் கேட்பார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்.

தம்பி என்னோடு கோபமில்லை. தினமும் எடுக்கிறான், பிள்ளைகளைக் கேட்கிறான், சிரிக்கவும் செய்கிறான். ஆனால் எடுத்த உடனே "உம்மாட கையில குடுங்க" என்பான். "உம்மா குளிக்கிறா, நல்லாத்தான் இரிக்கிறா" என்று நான் சொன்னால் "ஓம் ராத்தா, நான் நிக்கிறன்" என்பான். நானும் போனைப் பிடித்தபடி கிணற்றடியில் போய் நிற்பேன். உம்மா ஈரத் தலையோடு வந்து "மகன்" என்று கூப்பிடும்வரை அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது.