இயல்பாக ஒரு படம் வேண்டுமாம்

நான் வேலை செய்யும் உணவகத்தின் தலைமைச் சமையல்காரன் தன் மனைவியின் படத்தைக் கைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறான். வாய் நிறையப் பாண், பாதி மூடிய கண், பறக்கும் தலைமயிர். ஆள் அறியாமல் எடுத்ததாம், அதுதான் அழகாம். சுவிஸ்காரருக்கு இப்படிப் படம்தான் பிடிக்கும். நம் ஊரில் எவனாவது இப்படி எடுத்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்! முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தக் கைபேசியைக் கண்டாலே வயிறு எரிகிறது.

என் மனைவி வசந்தி ஊரில், குருக்கள்மடத்தில் இருக்கிறாள். அவளை இங்கே கூப்பிட விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விசா அலுவலகப் பெண்மணி எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பஸ்ஸுக்கு நிற்கும் அந்நியர் மாதிரி இருக்கிறீர்களே" என்றார். விசாவுக்காகச் செய்த பொய்க் கல்யாணமோ என்று அவருக்குச் சந்தேகம். "ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள்?"

"பெரியவர்கள் முன்னால் நிற்கிறார்கள்."

அவர் படத்தை விளக்கடியில் பிடித்துத் தேடினார். "எங்கே? ஒருவரையும் காணவில்லையே."

கமராவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆல்பத்தை மூடிவிட்டார். இருவரும் சேர்ந்து இயல்பாக இருக்கும் படங்கள் இந்த மாதத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் விசா இல்லை என்றார்.

இயல்பான படத்துக்கு நான் எங்கே போவேன்? கல்யாணத்துக்கு லீவு எடுத்துப் போய் ஒரு மாதம்தான் அவளோடு இருந்தேன். விருந்துக்குப் போன வீடெல்லாம் கதிரை போட்டு, கையில் சோடாவைத் தந்து, "நேர பாருங்க கா" என்று எடுத்த படங்கள்தான். ஒருநாள் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போக வாவியைக் கடந்தோம். ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். அதில் நின்றபோது காற்றுத் தூக்கி அடித்தது. வசந்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவசரமாகக் கைபேசியை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம், சட்டையை விட்டாள், தள்ளி நின்றாள், சேலையை இழுத்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "ஆ, இப்ப எடுங்க" என்றாள். அந்தப் படத்தில் அவள் கோர்ட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்கிறாள்.

இங்கிருந்து விசயத்தைச் சொன்னதும் வசந்தி கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களின் கைபேசியையெல்லாம் வாங்கித் துழாவியிருக்கிறாள். பிறகு என்னிடம் அழுதாள். "வடிவா வராத படமெல்லாம் அப்பவே அழிச்சிட்டாங்களாம். நான்தானேங்க அழிக்கச் சொன்ன. மறுகா என்ன செய்யிற?"

திரும்பப் போய்ப் படம் எடுத்து வர முதலாளி லீவு தரமாட்டான். பெற்ற தாய் செத்தாலும் தரமாட்டான் போலிருக்கிறது. படுத்தால் நித்திரை இல்லை, சோறு இறங்குவதில்லை. கடவுளே, உண்மையான கல்யாணத்தை உண்மை என்று எப்படிக் காட்டுவது?

நேற்று வசந்தி ஒரு படம் அனுப்பினாள். "தங்கச்சி எனக்குத் தெரியாம எடுத்தது. இத வெச்சு ஏதும் செய்ய ஏலுமா?" வாவிக்கரையில், பாவாடை நனைய, கண்கள் சுருங்கச் சிரிக்கிறாள். அருகே அவளுடைய அம்மா. மறுபக்கம் அயல் வீட்டுப் பெண்கள்.

என் அறையில் இருக்கும் தேற்றாத்தீவு நண்பன் கைபேசியிலேயே படத்தை வெட்டி ஒட்டத் தெரிந்தவன். "உன்ன இதுக்குள்ள வெச்சிருவன் மச்சான், பயப்படாத" என்றான். கள்ளவேலை. பிடிபட்டால் இங்கே தங்குவதற்கான என் பெர்மிட்டும் போய்விடும். தெரிந்தும் ஓம் என்றேன்.

அவன் படத்தைப் பெரிதாக்கினான். இந்தப் பக்கம் தள்ளினான், அந்தப் பக்கம் தள்ளினான். கடைசியில் நிமிர்ந்து பார்த்தான்.

"இடமில்ல மச்சான். உன்ன வைக்கிறதெண்டா மாமிய வெட்டணும். வெட்டவா?"

வசந்தி தன் அம்மாவின் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அவன் விரலை மாமியின் மேல் வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தான்.