தோட்டத்து அறையும் ஒரு கொத்து வேப்பிலையும்

கம்பைநல்லூரில் எங்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஓர் அறை இருந்தது. மாடு பூட்டிக் கவலை இறைக்க வேண்டிய வடக்கயிறு, தண்ணீர் மொள்ளும் பெரிய தோல் பறி, விதைக் கடலை மூட்டை எல்லாம் அதில்தான் கிடக்கும். யுத்தம் நடந்த வருஷங்களில் அந்த அறையில் நான் புண்களுக்குக் கட்டுப் போட்டேன். நான் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது எங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். காயத்தைக் கழுவவும் கட்டவும் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அதை மறந்தே போயிருப்பேன். எங்கள் கவலைக்காரர் காலில் ஏர்க் கொழு இறங்கிய அன்று வேறு யாரும் பக்கத்தில் இல்லை. என் கை தானாக வேலை செய்தது. அவர் புண் ஆறியதும், அவர் மச்சினன் வந்தார். பிறகு காதில் சீழ் வடியும் குழந்தைகள், சிரங்கு பிடித்த கைகள், முள் ஏறிய பாதங்கள். வேண்டாம் என்று யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று யோசிப்பதற்குள் அந்த அறை கட்டுப் போடுகிற அறையாகிவிட்டது.

அப்போது என் மகளுக்கு இன்னும் நடை வரவில்லை. முலைப்பால் குடிக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு ஊர்ச் சீழையெல்லாம் தொடுகிறோமே என்ற எண்ணம் என்னை ஒரு நிமிஷமும் விட்டதில்லை. அறைக்கு வீட்டுப் பக்கம் இருந்த கதவை அடைத்து, வயல் பக்கமாக ஒரு வாசல் வைக்கச் சொன்னேன். உள்ளே ஆணியில் ஒரு பழைய சேலை தொங்கும். அதைக் கட்டிக்கொண்டுதான் புண்ணைத் தொடுவேன். முடிந்ததும் அவிழ்த்துக் கொதிநீரில் போட்டு, முழங்கை வரை சோப்புத் தேய்த்து, கிணற்றடியில் தலைக்கும் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருவேன். வந்த பிறகு, கழுத்தைக் கழுவினோமா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போவேன். கட்டுப் பாதியில் இருக்கும்போது வீட்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கும். மார் கனத்து ரவிக்கை நனையும். கையில் யாருடைய பாதமோ இருக்கும். விடவும் முடியாது, வேகமாகக் கட்டவும் முடியாது.

என் மாமியார் அறைப்பக்கம் வரமாட்டார். "முன்னே தோல் நாத்தம், இப்ப ஆசுபத்திரி நாத்தம். இதுக்கு அதுவே தேவலை" என்பார். ஆனால் கட்டுத் துணிக்காகப் பழைய வேட்டிகளைக் கிழித்து, மடித்து, நான் கேட்காமலே வைத்திருப்பார். துணிக்குப் பஞ்சமான காலம் அது. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எதைச் சொன்னாலும் "ஒண்ணும் ஆகாது" என்பார். அது எனக்கு ஆறுதலாக இருந்ததில்லை. ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எதிர்க்கேள்வி கேட்டால், செய்தித்தாளைப் புரட்டுவார்.

சித்தேரி மலையிலிருந்து ஒருத்தி வந்தது கடலை பிடுங்குகிற சமயத்தில். பக்கத்துத் தோட்டத்தில் கூலி வேலைக்கு வந்தவள், அங்கேயே ஒரு குடிசையில் இருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள். வலது கணுக்காலுக்கு மேலே முள் கீறிய இடம் அழுகி, உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினாளாம். தினமும் சுத்தம் செய்து கட்ட வேண்டும், எலும்பைத் தொட்டுவிட்டால் காலை எடுக்கும்படி ஆகும் என்று சொன்னார்களாம். தினமும் அவ்வளவு தூரம் எப்படிப் போவது? என்னிடம் வந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சாமை விதைப்புக்கு முன்னால் மலை ஏற வேண்டும். மேலே அவள் மகள், நாத்தனார் வீட்டில் இருந்தாள். "கால் போனாக் கீழேயே கெடக்க வேண்டியதுதானுங்க. எங்க ஊருக்கு நடந்துதான் ஏறணும். தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு யாரு இருக்கா?" என்று முதல் நாளே சொன்னாள். அழுகையில்லாமல், வழி கேட்பவள் போலச் சொன்னாள்.

தினமும் வந்தாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, போரிக் பவுடர் தூவி, கால்விரலிலிருந்து மேலே இறுக்கமாகக் கட்டிவிடுவேன். வலித்தால் சத்தம் போடமாட்டாள். சுவரில் தொங்கும் தோல் பறியைப் பார்த்துக்கொண்டு, மலையில் இப்போது என்ன பூத்திருக்கும், கரடி எந்த மரத்துக்கு வரும் என்று பேசிக்கொண்டிருப்பாள். புண்ணின் ஓரம் சிவக்கத் தொடங்கியது. நல்ல சிவப்பா, கெட்ட சிவப்பா என்று நான் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்ப்பேன். புத்தகத்தில் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது.

அப்படி இருக்கையில்தான் என் மகளுக்கு உடம்பு சுட்டது. மறுநாள் காலை குளிப்பாட்ட எடுத்தால் கழுத்திலும் முதுகிலும் பொரிப்பொரியாக இருந்தது. நான் கூப்பிடும் முன் மாமியார் வந்து பார்த்துவிட்டார். குழந்தையின் தலையைத் தடவி, வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் வேப்பிலைக் கொத்து. தெருவாசலில் ஒன்று, தோட்டத்து அறை வாசலில் ஒன்று. அடுப்பில் தாளிக்கக் கூடாது. வெளி ஆள் வரக் கூடாது. நானும் போகக் கூடாது. அம்மை இறங்கி மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருந்தும் இல்லை, கட்டும் இல்லை.

"வெயில் பொரியா இருக்குமோங்க அத்தெ. கையிலே அம்மை குத்தியிருக்கே" என்றேன்.

"குத்துனவன் கிட்ட ஆத்தா உத்தரவு கேட்டுக்கிட்டா வருவா?" என்றார்.

அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாததற்குக் காரணம் அவரல்ல. அம்மையா, வேர்க்குருவா என்று எனக்கே தெரியவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் எல்லாக் குழந்தைக்கும் வேர்க்குரு வரும். காய்ச்சல் பல் முளைப்பதால் இருக்கலாம். ஆனால் கம்பைநல்லூர்ச் சந்தைப் பக்கம் இரண்டு வீட்டில் அம்மை கண்டிருப்பதாகப் பேச்சு இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அறைக்கு வந்திருப்பார்களோ? நான் சேலையை அவிழ்த்தேன், தலைக்கு ஊற்றினேன், கழுத்தைக் கழுவினேனா? குழந்தையின் முதுகை வெளிச்சத்தில் பார்ப்பேன். தண்ணீர் கோத்த மாதிரி தெரியும். கண்ணை மூடித் திறந்தால் வெறும் பொரியாகத் தெரியும்.

அன்று மத்தியானம் பின்கட்டு ஜன்னலில் நின்றிருந்தேன். மலைக்காரி வரப்பில் நொண்டி வந்தாள். அறை வாசல் தெரிகிற இடத்தில் நின்றாள். வேப்பிலையைப் பார்த்தாள். அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது?

மறுநாள் அவள் வரவே இல்லை. அதற்கடுத்த நாள் கணவர் பள்ளியிலிருந்து வந்ததும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதாகச் சொன்னார். மலைக்காரிக்குக் கட்டு நாறுகிறதாம். ஊர் பூராவும் அம்மை என்கிறார்கள், இனி இங்கே இருக்க மாட்டேன், சந்தை முடிந்து திரும்புகிற புளி வண்டியில் அடிவாரம் வரை போய்விடுவேன் என்கிறாளாம். பிறகு அவர் தன் வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இது வெறும் வேர்க்குருவாக இருந்தால், ஒரு கொத்து இலையால் அவளுக்குக் கால் போகும். அம்மையாகவே இருந்தால், நான் கட்டிய கட்டோடு அதையும் சுமந்துகொண்டு அவள் மலை ஏறுவாள். மேலே ஒருத்தருக்கும் அம்மை குத்தியதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவள் மகள் இருக்கிறாள். போய்த் தொட்டாலும் கெடுதல், தொடாவிட்டாலும் கெடுதல். குழந்தைக்கு விசிறிக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். விசிறி நின்றதும் குழந்தை சிணுங்கும். மறுபடி விசிறுவேன்.

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். என்னிடமிருந்து அவளுக்கு எதுவும் போகக் கூடாது, துணி கூடாது, பவுடர் கூடாது, விரல் நுனி கூடாது. பேச்சு போகலாம் அல்லவா? உப்பு அவள் குடிசையிலேயே இருக்கும். சட்டியும் நெருப்பும் இருக்கும். துணிக்கு அவள் முந்தானை இருக்கும். பவுடர் இல்லாமல் ஆறுமா? தெரியவில்லை. தெரியாமலே எழுந்தேன்.

குழந்தையை மாமியார் பக்கம் விட்டு, "வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வாறேனுங்க" என்றேன். மஞ்சள் தண்ணீரை எடுத்து என் காலில் தெளித்தார். "தாண்டாதே" என்று மட்டும் சொன்னார்.

வாய்க்கால் ஓரத்தில் நின்று அவளைக் கூப்பிட்டேன். குடிசையிலிருந்து வந்தவள் எட்டவே நின்றாள்.

"கிட்ட வராதீங்க அம்மிணி. நா மேல போகணும். எங்கூர்ல இந்தச் சேதி தெரிஞ்சாலே வேலிக்கு வெளிய நிறுத்திப்புடுவாங்க."

"நான் வரலை. நீயும் வராதே. அங்கேயே உக்காந்து கட்டை அவுத்துடு."

"நானா?"

"நீதான். நான் சொல்றேன், நீ செய்."

அவள் சிரித்தாள். "சமையலுக்கு மாமியா சொல்லிக் குடுக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள். ஆனால் உட்கார்ந்தாள். தண்ணீரை எவ்வளவு கொதிக்க வைப்பது, எவ்வளவு உப்பு, ஆறும் வரை எப்படி மூடி வைப்பது, துணியை எங்கிருந்து கிழிப்பது என்று சொன்னேன். முந்தானை என்றதும் முகம் சுருங்கியது. இருந்ததே ஒரு நல்ல சேலை. கிழித்தாள். ஒட்டியிருந்த பழைய துணியைப் பிய்க்கப் பார்த்தபோது கத்திவிட்டேன். நனைத்து, ஊறவிட்டு, மெல்ல எடுக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து புண் எனக்கு ஒரு கறுப்புத் தீற்றல்தான். என்ன நிறம் என்று கேட்டேன்.

"கழுவுன மாங்காய் வெதை மாதிரி" என்றாள்.

அது நல்லதா, கெட்டதா? எந்தப் புத்தகத்திலும் மாங்காய் விதை இல்லை. நடுவிலா ஓரத்திலா, வெள்ளையா மஞ்சளா, வாடை அடிக்கிறதா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். கட்டும்போது விரல்களை விட்டுவிட்டுக் கணுக்காலில் தொடங்கினாள். இல்லை, விரலிலிருந்து என்றேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "சத்தமாச் சொல்லு புள்ளே. அவளுக்குக் கேக்கலை." குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறையோரம் நிழலில் நின்றிருந்தார்.

புளி வண்டி அவள் இல்லாமல் போனது. அடுத்த வண்டி வரும் வரை ஒவ்வொரு நாளும் வெயில் தாழ வாய்க்காலுக்குப் போனேன். அவளே அவிழ்ப்பாள், கழுவுவாள், கட்டுவாள். நான் இந்தப் பக்கம் நின்று கையைப் பிசைவேன். அவள் கட்டு என்னுடையதைவிட அவலட்சணமாக இருந்தது. கை நீட்டித் திருத்த வேண்டும்போல் இருக்கும். கால் ஈரத்தில் படும், பின்வாங்குவேன்.

குழந்தையின் உடம்பு தானாகவே தணிந்தது. பொரிகள் நீர் கோக்கவில்லை, தழும்பும் விழவில்லை. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று மாமியார் தண்ணீர் ஊற்றினார். வெறும் வேர்க்குரு என்று கணவர் சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தையின் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையை எடுப்பதற்கு முந்தின நாளே மலைக்காரி வண்டி ஏறிவிட்டாள். அவள் போன வழியையும், அவள் வலது காலை ஊன்றிய விதத்தையும் வெகுநேரம் பார்த்தேன். முழுதும் ஆறவில்லை. தொற்றவில்லை என்றும் யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும், மலைத்தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற யாரைப் பார்த்தாலும், மேலே குழந்தைகளுக்குச் சுகமா என்றுதான் முதலில் கேட்டேன். தேன் வாங்காமல் ஊர்ச் சுகம் கேட்கிற என்னை அவர்கள் வினோதமாகப் பார்த்தார்கள்.

சாமை அறுப்பு முடிந்து அவள் வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றாள். கையில் ஒரு முடிச்சு, அருகில் ஒரு சிறுமி.

"வாசல்லே எலை இல்லேங்கறதப் பாத்துட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் நீங்க கூப்புட்டாத்தான் தாண்டுவேன்" என்றாள்.

கூப்பிட்டேன். சிறுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே எட்டில் தாண்டினாள், வலது காலை முன்வைத்து. அறைக்குள் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். புண் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு தழும்பு. கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தேன். வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். மேலே யாருக்காவது காய்ச்சல், பொரி என்றேன். இல்லை என்றாள். மறுபடியும் கேட்டேன். அவள் மகளை இழுத்து, என் முன்னால் திருப்பி நிறுத்தி, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள்.

"பாத்துக்கோங்க. நீங்க பாத்தாத்தான் நம்புவீங்க."

பார்த்தேன். சுத்தமான, கறுத்த, மலை வெயிலில் காய்ந்த முதுகு.

அதற்குள் என் மகள் தத்தித் தத்தி வயல் வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டாள். அவள் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நேராகப் போய்ச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கி வெளியே விடலாமா, விளையாட விடலாமா என்று நான் நிற்கையிலேயே இருவரும் தோல் பறிக்குள் தலையை நீட்டிக் கத்தி, தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கை கழுவ வா என்று கூப்பிட்டேன். இருவரில் யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.